சொல்பவரும் எழுதுபவரும்

(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம், திருவெண்ணெய்நல்லூர்)



இந்த ஊரில் நின்றுகொண்டு ஓலையைப் பற்றிப் பேசாமல் தொடங்க முடியாது. பெரியபுராணம் சொல்லும் கதை உங்களுக்குத் தெரியும். புத்தூரில் திருமண மணையில் இருந்த சுந்தரரைத் தடுத்து, இவன் எனக்கு அடிமை என்று ஒரு கிழ வேதியர் ஓலை நீட்டுகிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழித்தது படியோலை, மூல ஓலை வெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார் கிழவர். வழக்கு இந்த ஊர் அவைக்கு வருகிறது. அவையினர் சுந்தரருடைய பாட்டனாரின் பழைய கையெழுத்தை வரவழைத்து, ஓலையில் இருக்கும் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். பக்தர்களுக்கு அது தடுத்தாட்கொண்ட கதை. எங்களைப் போன்ற பண்ணையாள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதில் வேறொன்று உறுத்துகிறது. எழுத்து யார் கையில் இருந்ததோ அவர் பக்கம் சாட்சியும் இருந்தது. எங்கள் பாட்டன்கள் கைநாட்டு வைத்த தாள்களில் என்ன எழுதியிருந்தது என்பது அவர்களுக்குக் கடைசிவரை தெரியாது.

இன்று நாங்கள் பேச எடுத்துக்கொண்டது இலக்கியம் அல்ல என்று சிலருக்குத் தோன்றலாம். காட்டில் மரம் எண்ணும் வேலையைப் பற்றி. அறிவியல் நிறுவனங்கள் இதைச் சூழலியல் கண்காணிப்பு என்கின்றன. அதில் தாவரவியல் கள உதவியாளர், கள நுட்பர் என்று ஒரு பதவி உண்டு. எங்கள் மன்றத்தில் மூன்று பேர் வெவ்வேறு ஆண்டுகளில் அந்த வேலையில் இருந்தவர்கள். இரண்டு பேர் பட்டம் வாங்கியவர்கள், ஒருவர் பத்தாவதோடு நின்றவர். நாங்கள் என்று இங்கே சொல்வது அவர்களையும், அவர்களோடு உட்கார்ந்து பல இரவுகள் கேட்டு எழுதிய எங்களையும் சேர்த்துத்தான்.

பண்டிதர் பெயரால் நடக்கும் கூட்டத்தில் செடி கொடியைப் பற்றிப் பேசுவதில் தவறில்லை என்றே நினைக்கிறோம். அவர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ நடத்திய இதழாளர் என்றும் பௌத்த மீட்பர் என்றும் நாம் கொண்டாடுகிறோம். அவருக்குச் சோறு போட்டது சித்த மருத்துவம். வேரையும் பட்டையையும் இலையையும் கண்ணால் பார்த்து, முகர்ந்து, பிரித்தறியும் கை அவருடையது. தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு இன்று அவர் பெயர். காத்தவராயன் என்ற பிறப்புப் பெயரை விட்டுத் தம் ஆசிரியரின் பெயரையே தம் பெயராக வைத்துக்கொண்டவர் அவர். கற்றுக்கொடுத்தவருக்கு அடிக்குறிப்பில் நன்றி சொல்வது ஒரு வகை. அவர் பெயரையே வாழ்நாள் முழுவதும் சுமப்பது இன்னொரு வகை. தம் பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர், தம்மிடமிருந்த திருக்குறள் ஏடுகளைத் துரைவழியாக எல்லிஸிடம் சேர்த்தார் என்றும் பண்டிதர் எழுதியிருக்கிறார். குறள் பதிப்பு வரலாற்றில் அந்தப் பட்லரின் பெயரை நிறுத்த அவர் எவ்வளவு போராட வேண்டியிருந்தது என்பதை இங்கே பலரும் படித்திருப்பீர்கள்.

இனி வேலைக்கு வருவோம்.

விழுப்புரம், கடலூர், புதுச்சேரிக் கரையோரத்தில் ஒரு வகைக் காடு இருந்தது. உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள். மழை குறைவு, வெயில் கடுமை, ஆனாலும் இலை முழுவதும் உதிர்வதில்லை. வீரை, காயா, உலக்கைப்பாலை, கருங்காலி, காட்டெலுமிச்சை, இவற்றின்மேல் பின்னிப் படரும் தடித்த கொடிகள். இன்று அது பெரும்பாலும் துண்டு துண்டாக ஐயனார் கோவில்களைச் சுற்றித்தான் மிஞ்சியிருக்கிறது. மரக்காணம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோவில் காட்டைப் பார்த்திருப்பீர்கள். புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ந. பார்த்தசாரதியும் அவரது மாணவர்களும் 1990களிலிருந்து இத்தகைய காடுகளில் நிலையான கட்டங்கள் அமைத்து மரங்களையும் கொடிகளையும் கணக்கெடுத்து எழுதினார்கள். புத்துப்பட்டுக் காடு பற்றிய கட்டுரை 1997இல் வந்தது. அதற்கு முன்பே புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் இந்தக் கரையின் தாவரங்களைச் சேகரித்து உலர்தாவரத் தொகுப்பில் வைத்தும், வரைபடமாக்கியும் இருக்கிறார்கள். அந்த உழைப்பை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. அது இல்லையென்றால் இந்தக் காடு ஒரு காலத்தில் எப்படி இருந்தது என்று சொல்ல நம்மிடம் எதுவும் இருக்காது.

கட்டம் போடுவது எப்படி என்று சொல்லிவிடுகிறோம். நூறு மீட்டருக்கு நூறு மீட்டர், அதாவது ஒரு ஹெக்டேர். அதைக் கயிறு கட்டிப் பத்துக்குப் பத்தாக நூறு சிறு கட்டங்களாகப் பிரிப்பார்கள். முள்ளுக்குள் நேர்கோட்டில் கயிறு இழுப்பதே அரை மாத வேலை. பிறகு ஒவ்வொரு சிறு கட்டத்திலும், குறிப்பிட்ட பருமனுக்கு மேல் இருக்கும் எல்லா மரத்தையும் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் நாடாவால் சுற்றளவு எடுக்க வேண்டும். மார்பளவு உயரம் என்பார்கள். யாருடைய மார்பு என்று நாங்கள் கேலி செய்வதுண்டு. அளந்த இடத்தில் பெயின்ட்டால் வளையம். அதற்குச் சற்று மேலே எண் பொறித்த அலுமினியத் தகடு. ஆணியை அளக்கும் இடத்திலேயே அடித்துவிட்டால் அங்கே பட்டை புடைத்துக்கொள்ளும், அடுத்தமுறை அளவு கெட்டுப்போகும். சரிவில் நிற்கும் மரத்தை மேட்டுப் பக்கம் நின்று அளக்க வேண்டும். அடியிலேயே நாலாகப் பிரிந்த காயா மரத்துக்கு நாலு அளவு.

இது கூலி வேலை, யாரும் செய்வார்கள் என்பது ஒரு பேச்சு. இந்தக் காட்டு மரங்கள் மெதுவாக வளர்பவை. ஓராண்டில் சுற்றளவு கூடுவது பல மரங்களில் சில மில்லிமீட்டர்தான். நாடா சற்றுச் சாய்ந்தாலோ, வளையத்துக்கு நாலு விரல் கீழே இறங்கினாலோ ஒரு சென்டிமீட்டர் பிழை வந்துவிடும். அந்தப் பிழை மூன்று நான்கு ஆண்டு வளர்ச்சியை விழுங்கிவிடும். ஐந்தாண்டு கழித்து வருகிற ஆய்வாளர் கணினியில் பார்க்கும்போது மரம் மெலிந்துபோயிருக்கும். வறட்சியா, பருவநிலை மாற்றமா என்று கட்டுரை யோசிக்கும். உண்மையில் மெலிந்தது நாடா பிடித்த கையின் கவனம். ஆக, உலக வெப்பமாதல் பற்றிய பெரிய பேச்சு முழுவதும் கடைசியில் வந்து நிற்பது, உச்சி வெயிலில் இரண்டாயிரத்துச் சொச்சமாவது மரத்தைச் சுற்றி நாடாவை நேராகப் பிடிக்கிற ஒரு கையின் நேர்மையில்.

முதுமலையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமார் குழு 1988இல் அங்கே 50 ஹெக்டேர் கட்டம் அமைத்தது. ஒரு சென்டிமீட்டர் விட்டம் உள்ள செடியிலிருந்து எல்லாவற்றுக்கும் எண். தொடக்கத்தில் இருபத்தைந்தாயிரத்துக்கு மேல் மரங்கள். நான்காண்டுக்கு ஒருமுறை முழு அளவீடு, ஆண்டுதோறும் எது செத்தது, எது புதிதாக வந்தது என்ற கணக்கு. யானை உடைத்ததா, தீ தின்றதா என்று ஒவ்வொரு சாவுக்கும் காரணம் எழுத வேண்டும். ஆய்வு மாணவர் நாலைந்து ஆண்டில் முனைவர் பட்டத்தோடு போய்விடுவார். அந்தக் காட்டைச் சுற்றியுள்ள பழங்குடிக் குடியிருப்புகளிலிருந்து வந்த உதவியாளர்களோ அங்கேயே ஆண்டுக்கணக்காக அளந்துகொண்டிருப்பவர்கள். தகடு விழுந்துபோன மரத்தை, இதற்கு இந்த எண் என்று நினைவிலிருந்து சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான்.

இப்போது எங்கள் தலைப்பு. காட்டுக்குள் இரண்டு பேர் சேர்ந்துதான் வேலை நடக்கும். ஒருவர் மரத்தோடு நின்று எண்ணையும் பெயரையும் அளவையும் உரக்கச் சொல்வார். மற்றவர் அட்டையில் தாளை வைத்து எழுதுவார். சொல்பவர், எழுதுபவர். சொல்பவர் புதருக்குள் நுழைகிறார், முள் குத்துகிறது, சில நேரம் விரியன் இருக்கிறது. எழுதுபவர் பாதையில் நிற்கிறார். முதல் நாளே இது தானாகப் பிரிந்துவிடும். யாரும் சாதி கேட்டுப் பிரிப்பதில்லை. நீ மரம் நல்லா ஏறுவியாமே, நீ உள்ளே போ, என்பார்கள். முடிந்தது.

எங்கள் சமூகவியல் வகுப்பில் ஸ்டீவன் ஷேப்பின் 1989இல் எழுதிய கட்டுரை ஒன்றைப் படித்தோம். கண்ணுக்குத் தெரியாத நுட்பர்களைப் பற்றியது. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ராபர்ட் பாயில் செய்த சோதனைகளில் பெரும்பகுதியைக் கையால் செய்தவர்கள் அவரிடம் கூலிக்கு இருந்த உதவியாளர்கள். அறிக்கையில் அவர்களுக்குப் பெரும்பாலும் பெயர் கிடையாது. சோதனை தவறிப்போன இடங்களில் மட்டும் அவர்கள் தலைகாட்டுவார்கள். கோபால் குரு 2002இல் இந்தியச் சமூக அறிவியல்களைப் பற்றி எழுதியதும் கிட்டத்தட்ட இந்த இடத்தைத் தொடுகிறது. கோட்பாடு ஒரு சாராருக்கு, தரவு பொறுக்குவது இன்னொரு சாராருக்கு என்று அறிவே சாதிமுறையில் பிரிந்து கிடக்கிறது என்பது அவர் வாதம். அவர் சமூக அறிவியலைச் சொன்னார். காட்டுக்குள் வந்தால் அந்தப் பிரிவு கயிறு கட்டி அளந்ததுபோல் தெரிகிறது.

எங்கள் தோழர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறோம். நிறுவனத்தின் பெயர், ஊரின் பெயர் வேண்டாம். ஒரு கோவில் காட்டில் கட்டம். நூறு சிறு கட்டங்களில் தொண்ணூற்றுச் சொச்சம் முடிந்துவிட்டது. மிச்சம் நாலு கட்டம், சாமி மேடையை ஒட்டி. ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஆய்வாளரிடம் மிக மரியாதையாகத்தான் பேசினார்கள். நீங்க தாராளமா அளந்துக்குங்க சார், அந்தப் பையன் மட்டும் கயித்துக்கு வெளியே நிக்கட்டும். ஆய்வாளர் கெட்டவர் அல்ல. அன்று மாலை டீ வாங்கிக் கொடுத்து வருத்தப்பட்டார். ஆனால் அந்த நேரத்தில் அவர் செய்தது இதுதான்: நாடாவைத் தோழரிடமிருந்து வாங்கி, ஊர்க்காரப் பையன் ஒருவனிடம் கொடுத்தார். தோழரைப் பாதையில் நிற்க வைத்து, நீ எழுது என்று அட்டையைத் தந்தார். இத்தனை மாதத்தில் முதல்முறையாக எங்கள் தோழர் எழுதுபவர் ஆனது அப்படித்தான். அந்த ஊர்ப் பையனுக்கு வளையம் எங்கே போடுவது என்று தெரியாது. தோழர் வெளியே நின்று, இன்னும் கொஞ்சம் மேலே, இன்னும் கொஞ்சம் மேலே என்று கத்திக்கொண்டிருந்தார்.

அந்தத் தாள்கள் எங்காவது ஒரு அலமாரியில் இருக்கும். நூறு கட்டத்தில் நாலு கட்டத்துக்கு மட்டும் கையெழுத்து வேறாக இருக்கும். வெண்ணெய்நல்லூர் அவை போல யாராவது ஒப்பிட்டுப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். கட்டுரையின் ஆய்வுமுறைப் பகுதியில் அது இல்லை. கட்டம் எவ்வளவு, அளவு எந்த உயரத்தில், எல்லாம் இருக்கிறது. யார் கயிற்றுக்கு வெளியே நின்றார் என்பதை எழுத அங்கே ஒரு நெடுவரிசை கிடையாது.

கோவில் காடுகளைச் சூழலியலாளர்கள் சமூகமே காத்த காடு என்று புகழ்கிறார்கள். காத்தது உண்மை. எந்தச் சமூகம் என்பதுதான் எங்கள் கேள்வி. இதே மாவட்டத்தில் மேல்பாதி திரௌபதி அம்மன் கோவிலுக்குள் தலித்துகள் போனதற்காக அடி விழுந்து, 2023 ஜூனில் அதிகாரிகள் கோவிலைப் பூட்டி முத்திரை வைத்ததைப் பார்த்தோம். பூட்டும் அளவுக்கு ஊர் இருக்கும்போது, காட்டின் எல்லையில் மட்டும் எப்படிச் சமத்துவம் தொடங்கும்? இதனால் கோவில் காடு அழியட்டும் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லக் காத்திருப்பவர்கள் ரியல் எஸ்டேட்காரர்கள். காடு நமக்கும் வேண்டும், உள்ளே போகும் உரிமையோடு வேண்டும்.

இன்னொரு சம்பவம், சிறியது. பூ இல்லாத பருவத்தில் ஒரு செடியைக் காரை வகை என்று தாளில் எழுதினார்கள். கூட வந்த இருளர் பெரியவர், அது தரணி என்றார். இரண்டுக்கும் எதிரெதிர் இலை, ஒரே குடும்பம்தான், பூக்காத போது ஏமாற்றும். பெரியவர் இலையைக் கசக்கி, கிளை பிரியும் விதத்தைக் காட்டி, இல்ல சாமி, இது தரணிதான் என்றார். தாளில் திருத்தவில்லை. அடுத்த வருகையில் அது பூத்திருந்தது. கிளையைத் தாளில் அழுத்தி, உலர்த்தி, நிபுணரிடம் அனுப்பி, தரணி என்று பதில் வந்தது. மாதிரித் தாளின் சீட்டில் சேகரித்தவர் என்ற இடத்தில் ஆய்வாளர் பெயர், அடையாளம் கண்டவர் என்ற இடத்தில் நிபுணர் பெயர். முதலில் சொன்னவருக்கு அந்தச் சீட்டில் இடமே இல்லை. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ‘உள்ளூர்க் கூலியாட்களுக்கு நன்றி’ என்று ஒரு வரி. எங்கள் தோழர் பட்டம் பெற்றவர், அவரும் அந்த வரிக்குள்தான் இருந்தார்.

பெயர் போடும் வழக்கம் எப்போதுமே இல்லை என்று நினைக்காதீர்கள். ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வந்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ நூலில், செடிகளின் பெயரையும் குணத்தையும் சொல்லிக்கொடுத்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன் தம் கையெழுத்திலேயே சாட்சி எழுதியிருக்கிறார். அந்த மலையாள எழுத்து அப்படியே அச்சாகியிருக்கிறது. தீண்டாமைக்கு ஆளான சாதியைச் சேர்ந்த ஒருவரின் அறிவு, முன்னூறு ஆண்டுக்கு மேலாக அவர் பெயரிலேயே நிற்கிறது. அவருக்காக மரம் ஏறியவர்களின் பெயர் அதிலும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் ராபர்ட் வைட்டுக்குச் செடிகளை வரைந்து கொடுத்த ஓவியர் ரங்கையாவின் பெயரை ஒரு தாவரப் பேரினத்துக்கே வைத்தார்கள், ருங்கியா என்று. நம் வயல் வரப்பில் முளைக்கும் கோடகசாலை அந்தப் பேரினத்தில் வைக்கப்பட்ட செடி. அடுத்தமுறை களை பிடுங்கும்போது கொஞ்சம் நின்று பாருங்கள்.

நம் பக்கத்திலேயே இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இல் வடநெம்மேலியில் தொடங்கியது. மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடா சதுப்புக் காட்டுக்குப் போய் மலைப்பாம்பு தேடிக் கொடுத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. கோஸ்டாரிகாவில் டேனியல் ஜான்சன் என்ற சூழலியலாளரின் முயற்சியில் 1989இல் விவசாயிகளையும் வீட்டுப் பெண்களையும் பல மாதப் பயிற்சி கொடுத்து, சம்பளத்தோடு இனங்காணும் பணியாளர்களாக ஆக்கினார்கள். அவர்களை அமர்த்திய தேசிய நிறுவனம் பிற்காலத்தில் நிதி நெருக்கடியில் சிக்கியது. ஆனாலும் எழுதப் படிக்கத் தெரிந்த கிராமத்து மனிதர் அறிவியல் வேலை செய்ய முடியுமா என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடைத்துவிட்டது. விருது கொடுப்பதைவிட அந்த மாதச் சம்பளம் எங்களுக்குப் பெரிதாகத் தெரிகிறது.

மாணவர்களுக்குத் தனியாகச் சில வார்த்தை. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசு கலைக் கல்லூரிகளில் தாவரவியல் படிக்கும் நம் பிள்ளைகளிடம், இதைப் படித்து என்ன வேலை என்று வீட்டில் கேட்கிறார்கள். களப்பணி என்றாலே, மறுபடியும் வெயிலுக்கா என்று அம்மாக்கள் முகம் சுளிக்கிறார்கள். அவர்கள் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது, வெயிலிலிருந்து தப்பிக்கத்தான் படிக்கவே வைத்தார்கள். எங்கள் தோழர் 2004இல் நாளுக்கு 80 ரூபாய்க்குப் போனார். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். ஆனாலும் இந்த வேலையை வேண்டாம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். போங்கள், நிபந்தனையோடு போங்கள். பணி ஆணையை எழுத்தில் கேளுங்கள். பாம்புக்கடிக்கும் மரத்திலிருந்து விழுவதற்கும் காப்பீடு உண்டா என்று கேளுங்கள். நீங்கள் சேகரித்த மாதிரியின் சீட்டில் உங்கள் பெயர் வர வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். தரவை எடுத்து, பெயர் கண்டு, பிழை திருத்தியவருக்குக் கட்டுரை ஆசிரியர்களில் ஒருவராக இடம் கேட்பது பேராசை அல்ல. அவர்கள் சிரிக்கலாம். எங்கள் தோழர் கேட்டபோதும் சிரித்தார்கள்.

இயக்கத் தோழர்களுக்கு வேறொன்று. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு மேலாண்மைக் குழு வேண்டும், அது மக்களோடு கலந்து ஊரின் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிக்க வேண்டும். 2004ஆம் ஆண்டு விதிகள் அந்தக் குழுவில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களும், 18 சதவீதத்துக்குக் குறையாமல் பட்டியல் சாதி, பழங்குடியினரும் இருக்க வேண்டும் என்றன. உங்கள் ஊராட்சி அலுவலகத்துக்குப் போய் அந்தப் பதிவேட்டைக் கேளுங்கள். குழுவில் யார் இருக்கிறார்கள், சேரியிலிருந்து யார், அவருக்குத் தாம் உறுப்பினர் என்பது தெரியுமா என்று பாருங்கள். பதிவேட்டில் அறிவு தந்தவர் பெயர் இருக்கிறதா, எந்தச் செடியை யார் சொன்னார் என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதுவது நமக்குப் புதிதல்ல.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், நம் ஊர் மாறிக்கொண்டிருக்கிறது. 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணைக் கரையில் நம் பகுதி மூழ்கியது. அரசூரில் நெடுஞ்சாலையே ஆறாக ஓடியது. தாழ்ந்த இடத்தில் யார் வீடு இருக்கிறது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெள்ளத்துக்கு முன் கரையில் என்ன மரங்கள் இருந்தன, எவை நின்றன, எவை போயின, சீமைக்கருவேலம் எவ்வளவு தூரம் பிடித்துக்கொண்டது? ஆற்றோரச் சேரிக் கிழவிகளிடம் கேட்டால் சொல்வார்கள். தாளில் எழுதி வைத்திருக்கிறோமா என்றால் இல்லை. நாளை நிவாரணத்துக்கும், கரை கட்டும் திட்டத்துக்கும், நீதிமன்றத்துக்கும் தாள்தான் கேட்பார்கள்.

அதனால் மன்றத்தில் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். நாளை காலை ஆறு மணிக்கு மலட்டாற்றங்கரையில் பத்துக்குப் பத்தாக ஐந்து கட்டங்கள் கயிறு கட்டப் போகிறோம். கயிறு, நாடா, பெயின்ட் மன்றச் செலவு. தகடுக்குப் பழைய குளிர்பான டப்பாக்களை வெட்டி வைத்திருக்கிறார்கள் தம்பிகள், எண் ஆணியால் பொறிக்க வேண்டும். இரண்டு ஆற்றோரத் தெருக்களிலிருந்து அம்மாக்கள் நாலு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், மரத்துக்குப் பெயர் சொல்ல. தாளின் தலைப்பில் இரண்டு பெயருக்கு இடம் விட்டு அச்சடித்திருக்கிறோம், சொல்பவர், எழுதுபவர் என்று. இருபது மரத்துக்கு ஒருமுறை இருவரும் இடம் மாறிக்கொள்ள வேண்டும். எழுதத் தெரியாதவர் எண்ணை மட்டும் எழுதினால் போதும், பக்கத்தில் இருப்பவர் மற்றதைப் பார்த்துக்கொள்வார். ஷூ இருப்பவர்கள் போட்டுக்கொண்டு வாருங்கள், சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும்.